வரையறைப் பிரிவில் குழந்தைக்கென ஒரு வரி

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். குழந்தைக் கடத்தலையும் சுரண்டலையும் தடுக்கும் சட்டத்துக்குப் புதிய வரைவு எழுதும் குழுவில் நீங்கள் இடம்பெற்றிருப்பதாக அறிந்தேன். மீட்கப்பட்ட குழந்தைகள் வாக்குமூலம் கொடுக்கும்போது அவர்களுக்குத் துணையாக அருகில் அமர்ந்திருப்பது பல ஆண்டுகளாக என் பணி. தண்டனை எத்தனை ஆண்டு, அபராதம் எவ்வளவு என்று உங்களிடம் பேசப் பலர் வருவார்கள். நானோ சட்டத்தின் முதல் பக்கங்களில் வரும் வரையறைப் பிரிவைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

15 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. "உன்னை யாராவது அடித்து இழுத்துச் சென்றார்களா?" இல்லை என்றாள். "பூட்டி வைத்தார்களா?" இல்லை. "பொய் சொல்லி அழைத்துப் போனார்களா?" அதுவும் இல்லை, என்ன வேலை என்று அவளுக்கு முன்பே தெரியும், வீட்டுக்கடன் அடையுமே என்று போயிருக்கிறாள். "அப்படியானால் நீயாகத்தானே போனாய்?" சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே அவள் தலையசைத்தாள். 'தன் விருப்பத்தின் பேரில் சென்றதாகக் கூறுகிறார்' என்று தாளில் எழுதப்பட்டது. அந்த ஒரு வரிக்குப் பிறகு அவ்வழக்கு கடத்தல் வழக்காக நிற்கவில்லை. கேள்வி கேட்டவர் கொடியவர் அல்லர். சட்டம் எதை நிரூபிக்கச் சொன்னதோ அதைத்தான் அவர் கேட்டார்.

ஆள்கடத்தலைத் தடுக்க 2000-ஆம் ஆண்டில் ஐ.நா. ஏற்ற பலெர்மோ நெறிமுறை இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. பெரியவர்களைப் பொறுத்தவரை கடத்தல் என்பதற்கு மூன்று கூறுகள் தேவை: ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லுதல், அடைக்கலம் தருதல் போன்ற ஒரு செயல்; வன்முறை, மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் நலிந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற ஒரு வழிமுறை; சுரண்டல் என்னும் நோக்கம். 18 வயது நிரம்பாதவர் என்றால் நடுவிலுள்ள வழிமுறை தேவையே இல்லை என்று 3-ஆம் பிரிவின் (இ) உட்பிரிவு சொல்கிறது. செயலும் நோக்கமும் இருந்தால் போதும். குழந்தை சம்மதித்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஆனால் தேசியச் சட்டங்கள் சில, நீண்ட வரையறையை எடுத்துக்கொண்டு இந்தச் சிறிய உட்பிரிவை விட்டுவிட்டன. விட்டுப்போன அந்த வரிக்குள்தான் அச்சிறுமி விழுந்தாள்.

நம் மொழியின் சொல்லும் இங்கே சற்று இடறுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடத்தல் என்றவுடன், வாயைப் பொத்தி வண்டியில் ஏற்றிச் செல்லும் காட்சிதான் நம் மனத்தில் எழுகிறது. நான் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர் தெரிந்தவரோடு, பகலில், தலைவாரிப் பொட்டலத்தோடு கிளம்பியவர்கள். ஆகவே பொருளைச் சொல்லின் வழக்கமான ஓசைக்கு விட்டுவிடாமல், சட்டமே விரித்துச் சொல்ல வேண்டும்.

பலெர்மோ நெறிமுறையைப் பார்த்து எழுதும்போது நேரும் இன்னொரு பிழையும் உண்டு. நாடுகளின் எல்லை கடந்த, அமைப்பாகச் செயல்படும் குற்றக்குழு ஈடுபட்ட குற்றங்களுக்கே பொருந்துவதாக அந்நெறிமுறையின் 4-ஆம் பிரிவு பேசுகிறது. அது நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்புக்காக வந்த வரம்பு. உள்நாட்டுச் சட்டத்தில் அந்த நிபந்தனை கூடாது என்று அதன் தாய் உடன்படிக்கையான, நாடுகடந்த அமைப்புசார் குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 34-ஆம் பிரிவே கூறுகிறது. இதைக் கவனிக்காமல் எழுதிய சட்டத்தில், ஒரே ஊருக்குள் தெருவிட்டுத் தெரு கொண்டுபோகப்பட்ட குழந்தைக்கும், சொந்த உறவினர் ஒருவரே ஒப்படைத்த குழந்தைக்கும் பாதுகாப்பு இல்லாமல் போகும்.

விற்பனையைக் கடத்தலுக்குள் அடக்கிவிடாதீர்கள் என்றும் வேண்டுகிறேன். தத்துக்கொடுப்பதாகச் சொல்லிப் பச்சிளங்குழந்தையைப் பணத்துக்குக் கைமாற்றும்போது சுரண்டும் நோக்கம் இருந்ததென்று மெய்ப்பிக்க இயலாமல் போகலாம். குழந்தை பாசத்தோடுகூட வளர்க்கப்படலாம். ஆயினும் அது விற்பனைதான். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 35-ஆம் பிரிவு 'எந்த நோக்கத்துக்காகவும், எந்த வடிவிலும்' நடக்கும் விற்பனையைத் தடுக்கச் சொல்கிறது. அதனுடன் இணைந்த 2000-ஆம் ஆண்டின் விருப்ப நெறிமுறையும் விலையோ வேறு கைம்மாறோ பெற்றுக் குழந்தையை ஒருவர் மற்றவரிடம் மாற்றுவதையே விற்பனை என வரையறுக்கிறது. இதற்குத் தனிக் குற்றப்பிரிவு வேண்டும்.

வயது பற்றியும் ஒரு சொல். பாலுறவுக்கு இசைவு தரும் வயதை 18-க்குக் கீழே வைத்துள்ள நாடுகளில், அந்த வயதைத் தாண்டிய பிள்ளையைக் காசுக்குப் பயன்படுத்தியவர் அதையே கேடயமாகப் பிடிக்க வழி இருக்கக் கூடாது. இணையவழி நேரலையில் நடக்கும் பாலியல் சுரண்டலையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்: படத்தை 'வைத்திருத்தல்' மட்டுமே குற்றமானால், எதையும் சேமிக்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர் தப்பிவிடுவார்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் மனவேதனை தருவது. போதைப்பொருள் சுமக்கவும் திருடவும் பழக்கப்படுத்தப்பட்ட குழந்தை பிடிபட்டால் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1999-ஆம் ஆண்டு 182-ஆம் உடன்படிக்கை, குழந்தைகளை இவ்வாறு பயன்படுத்துவதைக் குழந்தைத் தொழிலின் மிகக் கொடிய வடிவங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 2020-இல் அவ்வமைப்பின் அனைத்து உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுவிட்டன. பலெர்மோ நெறிமுறையிலோ, பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்ற வெளிப்படையான விதி இல்லை. எனவே அதை மட்டும் பார்த்து எழுதினால் இந்தப் பாதுகாப்பு உங்கள் வரைவில் வராது. நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.

வரைவு அடுத்த சுற்றுக்கு வரும்போது, 'வழிமுறை நிரூபிக்கப்பட வேண்டியதில்லை' என்ற தொடர் குழந்தைகளுக்கான உட்பிரிவில் இருக்கிறதா என்று அன்புகூர்ந்து பாருங்கள். இருந்தால் அதன் எண்ணை எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த முறை யாராவது 'நீயாகத்தானே போனாய்?' என்று தொடங்கும்போது அந்த எண்ணை எடுத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
குழந்தைகளின் வாக்குமூலங்களுக்கு உடனிருக்கும் ஒருத்தி