நம் கறியைக் 'கர்ரி' ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பக்கத்தைப் பேத்தியிடம் கொடுத்தேன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகட்டும் என்று. நாலாவது வரியிலேயே நின்றுவிட்டாள். "ஆயா, 'கர்ரி'ன்னா என்ன?" மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் பிறந்த பிள்ளை, வீட்டில் பேசுவது இந்த ஊர்க் கிரியோல் மொழி, தினமும் கறியை அந்த மொழியில் 'காரி' என்று கேட்டுச் சாப்பிடுகிறவள், அவளுக்கே அது என்னவென்று தெரியவில்லை. சரி, அச்சுப்பிழை என்று விடலாம் என்றால், பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி: 'கர்ரி' என்ற சொல் 'கூரி' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாம்!

ஐயா, உங்களுக்குத் தெரியாததா? 'கூரி' என்பது 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமையலுக்கே பொதுவாக இருந்த பெயர், பிரெஞ்சிலிருந்து போனது. அதற்கும் நம் கறிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் சொல்லை எப்படி எழுதுவது என்று ஆங்கிலேயர்தான் திண்டாடினார்கள். 1598இல் 'காரியல்' என்று எழுதினார்கள், 1747இல் லண்டனில் வந்த சமையல் புத்தகத்தில் கடைசியில் ஈயும் ஒய்யும் சேர்த்தார்கள், இப்போது யூவும் இரண்டு ஆரும் ஒய்யுமாக நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே தமிழ்ச் சொல் என்கிறது. அகநானூற்றில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்புகிறதே, அங்கே கறி என்றால் மிளகு.

என் அம்மா அம்மியை 'ரோஷ் காரி' என்பாள், குழவியை 'பாபா' என்பாள். குழவி என்றாலும் பிள்ளை, கிரியோலில் பாபா என்றாலும் பிள்ளை. மஞ்சளும் மல்லியும் அரைத்து அரைத்து அந்தக் கல்லின் நடுவே குழி விழுந்து, எவ்வளவு கழுவினாலும் மஞ்சளாகவே இருக்கும். கல்யாண வீட்டில் இன்றும் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறோம். கறிவேப்பிலைக்கு இந்த ஊரில் 'காரிபூலே' என்று பெயர். தமிழ் மறந்த வீடுகளிலும் மிஞ்சி நிற்கிற சொல் இது.

குப்புசாமி என்ற பெயர் இந்த ஊர்ப் பதிவேட்டில் 'கூப்பூசாமி' ஆனபோது கேட்க ஆள் இல்லை. 1998இல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே போட்டார்கள், அப்போது கேட்டோம், நோட்டையே திரும்பப் பெற்றார்கள். அந்நியர் தப்பாக எழுதினால் கோபம் வருகிறது, சண்டை போடுகிறோம். தமிழ்ப் பத்திரிகையே நம் சொல்லை வேற்று வீட்டுப் பிள்ளையாக்கினால் யாரிடம் போய்ச் சொல்வது? அடுப்புக்குக் கரி, சோற்றுக்குக் கறி என்று 31 வருஷம் ஆரம்பப் பள்ளியில் கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டியவள் நான். அதனால்தான் மனசு ஆறவில்லை.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள், றகரம் போட்டு. அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வைத்திருக்கிறேன், திருத்தம் வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பேத்தியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரிஷியஸ்