ஸ்டோர்மொன்ட் குழுக்கள் குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

பெல்பாஸ்ட்

அன்புள்ள சிவநாதன்,

உமது நீண்ட கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெற்ற பின்னும் அரசறிவியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர் என்பதில் எனக்கு வியப்பில்லை. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் இந்தக் குளிரோடு ஒத்துப்போக மறுக்கிறது.

எல்லாப் பெரிய கட்சிகளும் அமைச்சரவையிலேயே உட்கார்ந்துவிட்டால் அமைச்சர்களைக் கேள்வி கேட்பது யார், இலங்கையில் நமது டொனமூர் அரசியல் யாப்புக் காலத்து நிருவாகக் குழுக்களுக்கும், ஸ்டோர்மொன்ட் மாளிகையில் கூடும் வட அயர்லாந்துச் சட்டசபையின் குழுக்களுக்கும் ஏதேனும் ஒற்றுமை உண்டா என்று கேட்டிருந்தீர். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலாவதற்கு 1998 ஏப்ரல் 10ஆம் திகதிப் பெரிய வெள்ளிச் சமாதான உடன்படிக்கை தந்த விடைதான் இந்தக் குழுக்கள். அந்த உடன்படிக்கைப்படி அமைச்சுப் பதவிகள் தேர்தலில் வென்ற இடங்களுக்கு ஏற்ப டொண்ட் முறையில் கட்சிகளுக்குப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பதவியைப் பெற்றவுடனும் அக்கட்சியின் இடங்களின் எண்ணிக்கை பெற்ற பதவிகளோடு ஒன்றைக் கூட்டி வகுக்கப்படும்; அந்த நேரத்தில் பெரிய ஈவு எவருக்கோ அவருக்கே அடுத்த தெரிவு. ஆகவே பிரித்தானியாவோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதிகளும் அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதிகளும் ஒரே மேசையைச் சுற்றி அமைச்சர்களாக அமர்கிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது பிரித்தானியப் பாராளுமன்ற, மரபில் எதிர்வரிசை செய்யும் வேலைக்கு அங்கே ஆளில்லாமல் போகிறது. அந்த வேலையைத்தான் ஒவ்வொரு திணைக்களத்துக்கும் ஒன்று என்று சட்டத்தாலேயே நிறுவப்பட்ட குழுக்களிடம் ஒப்படைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் நுட்பமாகப் படுவது தலைவர் பதவியைப் பற்றிய விதி. குழுத் தலைவர்களும் துணைத் தலைவர்களும் அதே டொண்ட் முறையில்தான் தெரிவாகிறார்கள்; அமைச்சர் எவரும் அப்பதவிகளை வகிக்க முடியாது; அதற்கும் மேலாக, ஒரு கட்சி குழுவைத் தெரிந்தெடுக்கும்போது தன் சொந்த அமைச்சரின் திணைக்களத்தைக் கவனிக்கும் குழுவை விட்டு வேறொன்றையே விரும்பித் தெரிய வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1999 இறுதியில் முதல் அமைச்சரவை அமைந்தபோது, அயர்லாந்தோடு இணைவதற்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் டெரி நகர முன்னணித் தலைவர்களுள் ஒருவராக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸ் கல்வி அமைச்சரானார். கல்விக் குழுவின் தலைவராக வந்தவர் அல்ஸ்டர் ஒன்றியக் கட்சியின் டனி கென்னடி, துணைத் தலைவர் சனநாயக ஒன்றியக் கட்சியின் சமி வில்சன். பள்ளிக்கூடங்களைப் பற்றி இந்த மூவரும் வாராவாரம் பேசியே ஆக வேண்டிய நிலையைச் சட்டம் உருவாக்கியது. கைகுலுக்க விருப்பமில்லாதவர்களுக்கும் ஒரே கோப்பைப் புரட்ட வேண்டியிருந்தது.

அதிகாரங்கள் காகிதத்தில் பார்த்தால் கனமானவை. சட்டமூலம் இரண்டாம் வாசிப்பைக் கடந்ததும் குழுவுக்கு வருகிறது. அங்கே முப்பது வேலை நாட்கள், சபை சம்மதித்தால் அதற்கும் மேல், வாசகம் வாசகமாக ஆராயலாம். துணைச் சட்டங்களான விதிகளை ஆக்குமுன் திணைக்களம் குழுவுக்குக் கடிதம் அனுப்பித் தன் நோக்கத்தை விளக்க வேண்டும். நான் பார்த்த வரையில் குழுக்களின் உண்மையான வேலையில் பெரும்பகுதி, பத்திரிகையாளர் எவரும் வராத இந்தக் கடிதங்களில்தான் கழிகிறது. வரவு செலவுத் திட்டத்திலும் ஆண்டுத் திட்டத்திலும் ஆலோசனை கூறலாம், தாமாகவே விசாரணை தொடங்கலாம், ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கலாம். முறையான அழைப்பாணையை நியாயமின்றி மறுப்பது குற்றம். ஆனால் ஆண்டிலேயே முக்கியமான சட்டமூலமான நிதி ஒதுக்கீட்டு மூலம், பெரும்பாலும் விரைவு வழியில் குழுநிலையையே தாண்டிச் சென்றுவிடுகிறது. தன்னோடு போதிய கலந்தாலோசனை நடந்தது என்று நிதிக் குழு உறுதி சொன்னால் போதும்.

ஒரு குழுவால் அமைச்சரைக் கட்டுப்படுத்த முடியாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெல்பாஸ்டின் மகப்பேற்றுச் சேவையை ஒரே இடத்தில் வைப்பதற்கு இரு மருத்துவமனைகள் போட்டியிட்டன; நகரின் தெற்கில் சிட்டி, மேற்கில் றோயல் விக்டோரியா. சுகாதாரக் குழு சிட்டியைப் பரிந்துரைத்தது. அமைச்சர் பெர்பிர டி புரூன் றோயலைத் தெரிந்தார். அவர் மேற்கு பெல்பாஸ்டின் உறுப்பினர் என்பதை ஒருவரும் சுட்டிக்காட்டாமல் விடவில்லை. குழுவின் தலைவர் ஜோ ஹென்ட்ரனும் அதே தொகுதிக்காரர் என்பது கதையை இன்னும் சிக்கலாக்கியது. எது சரியான இடம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அமைச்சர் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர், கீழ்ப்படியக் கடமைப்பட்டவரல்லர் என்பது அன்று எல்லோருக்கும் தெளிவாயிற்று.

உமது மாணவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும் என்றால், புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்குவிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளும். மரச்சில்லுக் கொதிகலன் வாங்கும் தொழில் நிறுவனங்களுக்கு, அவை உண்டாக்கும் வெப்பத்தின் அளவுக்கேற்பப் பணம் கொடுக்கும் திட்டம் அது; 2012 நவம்பரில் தொடங்கியது. பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளில் இதே திட்டத்தில் ஆண்டுக்கு 1,314 மணி நேரம் கடந்ததும் விகிதம் குறைந்துவிடும். வட அயர்லாந்தின் விதிகளில் அந்தப் படிநிலை விடுபட்டிருந்தது. கொடுத்த மானியம் எரிபொருளின் விலையையும் தாண்டியது. எவ்வளவு எரிக்கிறோமோ அவ்வளவு லாபம் என்றாகிவிட, மக்கள் அதற்குச் 'சாம்பலுக்குக் காசு' என்று பெயர் வைத்தார்கள். படிநிலையைப் புகுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 2015 இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 பெப்ரவரியில் திட்டம் மூடப்பட்டது.

நான் சொல்ல வருவது அந்த விதிகள் குழுவைத் தாண்டி வந்த விதம். தொழில்துறை அமைச்சர் சனநாயக ஒன்றியக் கட்சியின் ஆர்லீன் பொஸ்டர். குழுத் தலைமை சமூக சனநாயகத் தொழிற்கட்சியிடம், அதாவது எதிர்ச் சமூகத்தின் கட்சியிடம் இருந்தது. நான் புகழ்ந்த விதி அப்படியே கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. இருந்தும் விதிகள் தடையின்றி நிறைவேறின. குழுவில் எவருக்கும் துணிவில்லை என்பதல்ல காரணம். அதிகாரி தந்த தாளில் இல்லாததைக் கேட்கக் குழுவிடம் தனக்கென்று பொருளியலாளரோ போதிய ஆய்வாளரோ இருக்கவில்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை 2016 ஜூலையில் வந்த பிறகுதான், அரசாங்கத்துக்கு வெளியே நின்ற கட்சியைச் சேர்ந்த ரொபின் சுவானின் தலைமையில் பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை உட்காரவைத்துத் துருவியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2017 ஜனவரியில், அப்போது துணை முதலமைச்சராக இருந்த மெக்கின்னஸ் பதவி விலக, அரசாங்கமே கவிழ்ந்தது. நீதிபதி பட்ரிக் கொக்லினின் விசாரணை அறிக்கை 2020 மார்ச்சில் வெளியானபோது, சட்டத்தால் நிறுவப்பட்ட இந்தக் குழுக்களின் வளங்களைக் கணிசமாகக் கூட்டுவதைப் பற்றிச் சட்டசபை யோசிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருந்தது. அறிக்கையிலுள்ள பெரிய பெரிய கண்டனங்களை விட இந்த அடக்கமான வரியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கணக்கைப் போட்டுப் பாரும். சபையில் 90 உறுப்பினர்கள். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் உட்படப் பத்து அமைச்சர்கள், இரண்டு இளநிலை அமைச்சர்கள், ஒரு சபாநாயகர் ஆகியோரைக் கழித்தால் 77 பேர். ஒன்பது குழுக்கள், குழுவுக்கு ஒன்பது பேர் என்றால் 81 இருக்கைகள். பொதுக் கணக்குக் குழு போன்ற, ஒரு திணைக்களத்தோடு மட்டும் நிற்காத நிலையியற் குழுக்கள் வேறு. ஒருவரே இரண்டு குழுக்களுக்கு ஓடி, இரண்டிலும் தடித்த கோப்புகளை வாசித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டும். பொதுமக்கள் இருக்கையில் இருந்து ஒரு கூட்டத்தைப் பார்த்தபோது, முதல் கேள்வியிலேயே யார் வாசித்து வந்தவர், யார் வழியில் புரட்டியவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சபை முடங்கிய காலங்களில் இதுவும் இல்லை. 2017 முதல் 2020 ஜனவரி வரையும், 2022 மே தேர்தலுக்குப் பின் 2024 பெப்ரவரி வரையும் குழுக்களே இயங்கவில்லை.

ஒரு மாற்றத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 2016இல் ஜோன் மெக்கலிஸ்டர் என்ற உறுப்பினர் தனிநபர் சட்டமூலம் ஒன்றின் மூலம் உத்தியோகபூர்வ எதிர்க்கட்சிக்கு இடம் பெற்றுக் கொடுத்தார். 2024இல் எட்டு இடங்களே கொண்ட சமூக சனநாயகத் தொழிற்கட்சி அமைச்சரவைக்கு வெளியே நின்றது. அதன் தலைவர்களுள் ஒருவரான மத்தியூ ஓடூல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்துகொண்டே நிதிக் குழுவின் தலைமையையும் ஏற்றார். அமைச்சரவையில் பங்காளியாக இல்லாதவர் கேட்கும் கேள்விக்குத் தனி உறைப்பு உண்டு. பங்காளிக் கட்சிகளின் உறுப்பினர்களோ, இன்று நான் உன் அமைச்சரை நெருக்கினால் நாளை நீ என் அமைச்சரை நெருக்குவாய் என்ற கணக்கோடு வாய் திறக்கிறார்கள்.

இனி டொனமூருக்கு வருவோம். 1931இல் நமது அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து, குழுவே தன் தலைவரைத் தெரிய, அவரே அமைச்சரானார். அங்கே குழு வெறுமனே கண்காணிக்கவில்லை, ஆட்சியே செய்தது. அதிகாரம் என்று பார்த்தால் ஸ்டோர்மொன்ட் குழுக்கள் அதற்குக் கிட்டவும் வரமாட்டா. ஆனால் சிறுபான்மைக்குப் பங்கு கிடைக்கும் என்ற உறுதி டொனமூர் யாப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. முதலாவது அமைச்சர் சபையில் தமிழரான பெரி. சுந்தரமும் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் இருந்தார்கள். 1936இல் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஏழு குழுக்களிலும் தமக்குப் பெரும்பான்மை வருமாறு பரவி அமர, அமைச்சர்கள் ஏழு பேரும் சிங்களவர்களானார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று நம்மவர்கள் சொல்வதை நாம் இருவரும் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். இங்கே கணிதம் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், எவரும் பின்கதவால் வேறு கணக்குப் போட முடியாது. குழுவுக்கு ஆளும் அதிகாரத்தைக் கொடுத்து அங்கத்துவத்தைப் பெரும்பான்மையின் கையில் விடுவதை விட, அதிகாரத்தைக் குறைத்தாலும் இடத்தை உறுதி செய்வது சிறுபான்மைக்கு நல்லது என்பது என் கருத்து. நீர் உடன்படமாட்டீர் என்று தெரியும். ஆலோசனை சொல்லும் நாற்காலியை வைத்து என்ன செய்வது என்பீர்.

அப்படியானால் ஓர் உதவி செய்யும். 1936இல் குழுக்கள் தெரிவான நாட்களின் அரசாங்க சபை விவாதப் பதிவு யாழ்ப்பாணத்தில் எந்த நூலகத்திலாவது கிடைக்குமா என்று பாரும். குழு உறுப்பினர்கள் எந்த முறையில் வாக்களித்தார்கள் என்பதை மூலத்திலேயே வாசிக்க விரும்புகிறேன். கொக்லின் அறிக்கையில் குழுக்களைப் பற்றிய பகுதிகளை அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். மாணவர்கள் வாசித்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதும்.

அன்புடன்,
தவராசா