வாதத்துக்கு வலுச் சேர்ப்பது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் மாலைதோறும் கூடிப் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்காக, தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தை வாரம் தவறாமல் கத்தரித்து வைக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். சென்ற வாரம் ‘வாதத்தை வலுப்படுத்தும் கூற்று எது’ என்ற வகை வினாக்களுக்கு விடை எண்கள் மட்டுமே தரப்பட்டிருந்தன. வங்கித் தேர்வுகளிலும் சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்விலும் வரும் இவ்வகை வினாவில் எண்ணைவிட அதன் காரணமே பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாடியில் நான் கொடுத்த வினா ஒன்றைச் சொல்கிறேன். ‘2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, சுங்கச்சாவடி நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் வியாபாரம் கூடியது, ஆகவே மெட்ரோதான் காரணம்’ என்பது வாதம். (ரயில் வந்தது உண்மை, கடை என் கற்பனை.) சென்னை மெட்ரோவில் நாள்தோறும் ஏராளமானோர் பயணம் செய்கிறார்கள் என்பது முதல் கூற்று. மெட்ரோவால்தான் வியாபாரம் கூடியது என்று கடைக்காரரே நம்புகிறார் என்பது இரண்டாவது. எந்த நிலையத்துக்கும் பக்கத்தில் இல்லாத, அதே விலைக்கு டீ விற்கும் அவருடைய இன்னொரு கடையில் அந்த மாதங்களில் வியாபாரம் கூடவில்லை என்பது மூன்றாவது. பெரும்பாலோர் முதல் கூற்றில் விழுந்தார்கள். “மூணாவது வேற கடையைப் பத்தில்ல சார் பேசுது?” என்று கேட்டாள் ஒரு மாணவி.

சரியான விடை மூன்றாவதுதான். விஷயமே அந்த வேறு கடையில்தான் இருக்கிறது. ஊரடங்கு தளர்ந்து மக்கள் மீண்டும் நடமாடத் தொடங்கியிருந்த காலம் அது. வியாபாரம் அதனாலும் கூடியிருக்கலாம். அப்படியானால் தள்ளியிருக்கும் கடையிலும் கூடியிருக்க வேண்டுமல்லவா? அங்கே கூடவில்லை என்றதும் அந்த ஓட்டை பெருமளவு அடைபடுகிறது. முடிவு நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நிலையத்தருகே புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருக்கலாம். ஆனால் வினா நிரூபணத்தைக் கேட்கவில்லை, முடிவை முன்பைவிட நம்பத்தக்கதாக்கும் சான்றைத்தான் கேட்கிறது.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. மணிமேகலையில் அளவை நெறியை, அதாவது தருக்க முறையை, விளக்கும் பௌத்தத் துறவி அறவண அடிகள், புகையைக் கொண்டு மலையில் நெருப்புண்டு என்று துணிவதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டியதோடு நின்றுவிடாமல், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்குப் புனலையும் (நீரையும்) காட்டுகிறார். எங்கள் வினாவில் தள்ளியிருக்கும் டீக்கடைதான் அந்தப் புனல் என்று சொன்னபோது அந்த மாணவி சிரித்துவிட்டாள்.

பயிற்சி நூல்கள் சில இவ்வினாவை ‘ஆதரிக்கும் கூற்று’ என்று மொழிபெயர்ப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆதரிப்பது என்றால் ஒத்துப்பாடுவது என்று எண்ணியே சிலர் கடைக்காரரின் நம்பிக்கையைத் தேர்ந்தார்கள். ‘பின்வருவது உண்மையெனக் கொண்டால்’ என்ற தொடரை வேகத்தில் தாண்டிவிட்டு, இப்படியெல்லாம் நடக்குமா என்று கூற்றோடு மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு.

ஆகவே, சரியான கூற்று வாதத்தின் எந்த ஓட்டையை அடைக்கிறது, மற்றவை ஏன் அடைக்கவில்லை என்று விடைப் பகுதியில் இரண்டு வரியாவது அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாதென்றால் வாரத்துக்குப் பத்து வினாக்களை நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாடியில் யாரும் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.