டால்பட்டில் ஊரும் பெல்வியு தோட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிசியசில் கரும்புத் தோட்டக் கூலிகள் குடியிருந்த கேம்புகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக் கரும்புக்காட்டுக்குள் மறைந்து வருவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கேம்பே போன பிறகு நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று ஒரு வாசகர் மனம் நொந்து கேட்டிருந்தார். இங்கிலாந்தின் தெற்கே, டார்செட் மாவட்டத்தில், சில நூறு பேரே வாழும் டால்பட்டில் என்னும் சிற்றூரின் கதையில் அவருக்கு ஒரு விடை இருப்பதாக நான் நம்புகிறேன்.

அவ்வூரும் கூலிக்காரர்களின் ஊர்தான். 1830களின் தொடக்கத்தில் அங்கே பண்ணைக் கூலி வாரத்துக்கு ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டாகவும், பிறகு ஏழாகவும் குறைந்தது. ஆறாகக் குறைக்கப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, மெதடிஸ்ட் கிறித்தவ சபையில் பிரசங்கம் செய்துவந்த ஜார்ஜ் லவ்லெஸ் என்ற உழவுத் தொழிலாளி முன்னின்று 1833-இல் ஒரு சங்கம் கண்டார். தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் வீட்டு மாடியறையில், புதிதாகச் சேர வந்தவர்களின் கண்களைக் கட்டி, வேதப் புத்தகத்தை முத்தமிடச் செய்து, சங்கத்தின் செய்தியை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். சங்கம் வைப்பதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. ஆகவே வட்டார நீதிபதி ஃபிராம்ப்டனும் அவரைச் சார்ந்தவர்களும், கடற்படைக் கலகத்தை அடக்குவதற்காக 1797-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைத் தேடியெடுத்து, அந்தச் சத்தியத்தையே குற்றமாக்கினார்கள். 1834 பிப்ரவரி 24 அன்று விடியற்காலையில் கைது செய்யப்பட்ட ஆறு பேரும் டார்செஸ்டர் நகருக்கு நடத்தியே கொண்டுபோகப்பட்டு, மார்ச் மாதம் ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 2 அன்றுதான் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘அட்லாஸ்’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் மொரிசியசின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை அடைந்தது என்பதை நம் வாசகர்கள் இங்கே நினைத்துக்கொள்வார்கள்.

அறுவரின் தண்டனையை எதிர்த்து லண்டனில் பெருங்கூட்டம் திரண்டு ஊர்வலம் போனது. லட்சக்கணக்கானோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். 1836-இல் மன்னிப்பு வந்தது. இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை. நான் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அதற்குப் பிறகு அந்த ஊருக்கு நேர்ந்தது. திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட, ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர் மட்டுமே டால்பட்டிலிலேயே தங்கினார். கட்டட வேலைக்குப் போய்ப் பிழைத்த அவர், பட்டதைப் பற்றி அதிகம் பேசவில்லை. முதுமையில் பார்வை மங்கியபின் குடும்பத்துக்குப் பாரமாக இருக்க மனமின்றி டார்செஸ்டரின் ஏழையர் விடுதிக்குப் போய், 1891-இல் அங்கேயே காலமானார். அவரை அடக்கம் செய்தபோது சங்கத்தைப் பற்றி எவரும் பேசிவிடாதபடி ஊர் நிலப்பிரபு கல்லறையருகே நின்று பார்த்துக்கொண்டதாக இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கல்லறையின் மேல் பேர் சொல்லும்படியான ஒரு கல் நிற்பதற்கு மேலும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. இந்த மௌனத்தை நாம் மறக்கக் கூடாது. டால்பட்டில் இன்று உலகறிந்த ஊராக இருப்பதைப் பார்த்து, ஆங்கிலேயர் எதையும் பத்திரப்படுத்துகிறவர்கள், நமக்கு அது வராது என்று நினைத்துவிடுவது எளிது. உண்மையில் அந்த ஊரின் நினைவு தானாக வாழ்ந்திருக்கவில்லை. பிற்காலத்தவர் பாடுபட்டு மீட்டெடுத்தது அது.

1934-இல், நூறாண்டு நிறைவின்போது, பிரிட்டிஷ் தொழிற்சங்கப் பேரவை அங்கே வெறும் தூணொன்றை நாட்டிவிட்டுப் போகவில்லை. முதுமையடைந்த பண்ணைத் தொழிலாளர்கள் குடியிருப்பதற்கென்றே, அறுவரின் பெயரால் ஆறு வீடுகளை வரிசையாகக் கட்டித் தந்தது. அவ்வரிசையிலேயே இன்று அருங்காட்சியகமும் இருக்கிறது. தொழிலாளர்கள் கூடிப் பேசியதாகச் சொல்லப்படும் சிக்கமோர் மரம், முந்நூறு ஆண்டு வயதுடன், ஊர்த் திடலில் காக்கப்படுகிறது. களஞ்சியமாகக் கிடந்த பழைய மெதடிஸ்ட் ஆலயத்தைப் பழுதுபார்த்து மீட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் நாடெங்குமிருந்து சங்கக் கொடிகளோடும் வாத்தியக் குழுக்களோடும் வருகிற ஆயிரக்கணக்கானோர் அந்த ஒற்றைத் தெருவில் ஊர்வலம் போய், அன்று ஒருவரும் பேச முடியாதிருந்த ஹாமெட்டின் அதே கல்லறைக்கு மலர்வளையம் வைக்கிறார்கள்.

நம்மிடமும் சொல்வதற்கு இருக்கிறது. 1943 செப்டம்பர் 27 அன்று மொரிசியசின் பெல்வியு ஆரேல் கரும்புத் தோட்டத்தில் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீசார் சுட்டதில் நால்வர் உயிரிழந்தார்கள். அவர்களுள் ஒருவரான அஞ்சலை கூப்பன் அப்போது கருவுற்றிருந்தார். அவர் பெயரில் விளையாட்டரங்கம் இருக்கிறது என்பது பெருமைக்குரியதே. ஆனால் பந்தாட்டம் பார்க்கப் போகிற நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குரியவர் யார், எதற்காக இறந்தார் என்று சொல்லத் தெரியும்? மற்ற மூவரின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் பெரியவர்களே தயங்குகிறார்கள். இது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

கேம்பு இடிந்தாலும் அங்கே கூலிக்காரர்கள் தம் கையால் எழுப்பிய மாரியம்மன் கோவில் பல இடங்களில் நிற்கிறது. தீமிதிக்கும் காவடிக்கும் வெளியூர் போனவர்களெல்லாம் திரும்பி வருகிறார்கள். டால்பட்டிலுக்கு ஜூலை ஊர்வலம் எப்படியோ, நமக்கு அந்தத் திருவிழா நாள் அப்படி ஆகலாம். கோவில் நிர்வாகத்தினர் அன்று ஒரு மேசை போட்டு, எந்தக் குடும்பம் கேம்பில் எந்த வரிசையில் இருந்தது, சர்தார் என்னும் கூலி மேற்பார்வையாளர் யார், கோவிலுக்குக் கல் சுமந்தவர் யார் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். பெல்வியுவைச் சுற்றியுள்ள கோவில்களில் செப்டம்பர் 27 அன்று நால்வர் பெயரிலும் அர்ச்சனை செய்யட்டும். 1943-இல் விவரம் தெரிந்த பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ இருப்பதால், இதை அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிப்போட இயலாது. அப்படி எழுதப்படுவதைத் தங்கள் இதழ் வாரந்தோறும் அரைப் பக்கமாவது ஒதுக்கி வெளியிட முன்வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குட்லாண்ட்ஸ் வட்டாரத்துப் பெரியவர்களைச் சந்தித்து எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
குட்லாண்ட்ஸ், மொரிசியஸ்