மைனஸில் நிற்கும் கணக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் "மொத்தக் கணக்கும் மைனஸ்லதான் இருக்கும்மா" என்று நீ சொன்னபோது உன் குரல் இறங்கிப்போனது. அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அனுப்பிய எக்செல் ஷீட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவள் நான். மார்ச் 31 வந்தால் ஐந்தொகை போடுவோம். சங்கத்துக்கு இருப்பது ஒரு பக்கம், சங்கம் தர வேண்டியது மறுபக்கம். நீ நிகர மதிப்பு என்று எழுதியிருப்பதும் அதேதான்.

பேங்கில் 62,000, பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இன்டெக்ஸ் ஃபண்டில் 33,600, படிப்புக் கடன் 7,40,000. மைனஸ் 6,44,400 என்று முடித்திருக்கிறாய். உனக்கு இருப்பதில் இரண்டை விட்டுவிட்டாய். பெங்களூர் வீட்டு அட்வான்ஸ் 80,000 உன் பணம்தானே? காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு என்று பிடித்துக்கொள்வார்கள், அதனால் 65,000 என்று போடு. அடுத்தது பி.எஃப். பாஸ்புக்கில் உன் பங்கையும் கம்பெனி பங்கையும் கூட்டு, பென்ஷனுக்குப் போவதை மட்டும் விட்டுவிடு. நீ சொன்ன 48,000-ஐ வைத்தால் மைனஸ் 5,31,400 வருகிறது. செயினைச் சேர்க்காதது சரி. விற்கப்போகாத நகையை எதற்குக் கணக்கில் காட்ட வேண்டும்?

ஃபண்டில் ஏழு மாதம் 5,000 வீதம் போட்ட 35,000-இல் 1,400 குறைந்துவிட்டது, மாதாமாதம் போடும் அந்த எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடவா என்று கேட்டாய். கடனைப் பார். மாதம் 14,500 கட்டுகிறாய். பத்தரை சதவீத வட்டிக்கு ஏறக்குறைய 6,500 போனாலும் அசலில் 8,000 குறைகிறது. ஏழு மாதத்தில் மார்க்கெட் எடுத்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஒரே மாதத்தில் நீயே மீட்கிறாய். இப்போதைக்கு உன் ஐந்தொகையை நகர்த்துவது நிஃப்டி என்கிற பங்குச்சந்தைக் குறியீடு இல்லை, உன் சம்பளம்தான். ஃபண்டில் 30 லட்சம் சேர்ந்த பிறகு பத்து சதவீதம் விழுந்தால் 3 லட்சம் போகும். அந்த நாளுக்கு மனதைப் பழக்க இந்த 1,400 நல்ல பாடம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் மேல்படிப்புக்கு என்று நான் மார்க்கெட்டில் போட்டுச் சேர்த்தது 2020 ஜனவரியில் 4 லட்சமாக இருந்தது. நிஃப்டி அப்போது 12,300-ஐத் தாண்டியிருந்தது. மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. பயந்துபோய் மறுநாளே எல்லாவற்றையும் எடுத்தேன். கைக்கு வந்தது இரண்டரை லட்சம். அந்த வருடம் நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைக் கடந்துவிட்டது. உன் கடனில் ஒன்றரை லட்சம் என் பயத்தால் வந்தது, கண்ணு. இரண்டு வருடத்தில் ஃபீஸ் கட்ட வேண்டிய பணத்தை அங்கே வைத்ததே முதல் தப்பு. சீக்கிரமே தேவைப்படும் பணத்தை அங்கே வைத்திருந்ததால்தான் அப்படிப் பயம் வந்தது.

அதனால் எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதே, கூட்டவும் செய்யாதே. 62,000 உனக்கு இரண்டு மாதச் செலவுக்குத்தான் வரும். அதை ஆறு மாதச் செலவுக்கு வரும் அளவுக்கு உயர்த்தி, எஃப்.டி.யில் போட்டு வை. அப்புறம் வரும் போனஸைக் கடன் அசலில் கட்டு. பத்தரை சதவீத வட்டி மிச்சமாவது உறுதியான லாபம், அதை எந்த ஃபண்டும் உறுதியாகத் தராது. ஃபண்ட் ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். ரெகுலர் என்றால் வருடாவருடம் கமிஷன் உன் பணத்திலிருந்து போகும்.

தினமும் ஆப்பைத் திறந்து பார்க்காதே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஷீட்டைப் போட்டால் போதும். பழைய வரிகளை அழிக்காமல் கீழே கீழே எழுதிக்கொண்டு வா.

அடுத்ததைப் போட்டதும் எனக்கும் அனுப்பு. கூட்டல் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா