குளத்தில் இறங்கியவர்களுக்கும் கரையில் நின்றவர்களுக்கும்

அன்புள்ள அயல்காரர்களே,

ஆகாயத்தாமரை மூடிக்கிடந்த நம் குளத்தில் இப்போது தண்ணீர் தெரிகிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வருமுன், கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் வயலுக்குப் போகும் மடை அடைபடாமல் இருக்க, மே மாதத்திலேயே முடித்துத் தந்தீர்கள். யார் என்ன செய்தார்கள் என்று எழுதினால்தான் எங்கள் நன்றி நிறையும். இதே வேலையைத் தொடங்கும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி, வீடு வீடாகப் போய் அழைத்த அக்காமாருக்கு. ஒலிபெருக்கியில் "எல்லாரும் வாங்க" என்றால் யாருக்கும் அது தன் வேலையாகத் தோன்றாது. "அண்ணாச்சி, உங்க துறட்டியோட ஒன்பதரைக்கு வடக்குக் கரைக்கு வரணும்" என்று வாசலில் நின்று சொன்னதால்தான் ஆள் சேர்ந்தது. ஞாயிறு காலை 6 முதல் 9 வரை ஓர் அணி. ரப்பர் பால் வெட்டி முடித்தவர்களும் பூசை கண்டு வந்தவர்களும் 9.30 முதல் 12 வரை. ஒரே நேரமாக வைத்திருந்தால் பாதித் தெரு வந்திருக்காது.

கடற்கரை ஊர்களிலிருந்து பழைய வலையோடு வந்த சகோதரர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. வெறுங்கயிற்றால் சுற்றி இழுத்தால் கயிறு செடியின் மேல் வழுக்கி ஏறிவிடும். வலையின் கீழ் விளிம்பில் கல்லும் மேல் விளிம்பில் மிதவைக்குக் காலிக் கேனும் கட்டி, செடிக்கு அடியில் போகவிடக் காட்டித் தந்தார்கள். ஒரே விரிப்பாகவும் இழுக்கக் கூடாது. செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். வேரில் சேறு வேறு. இருபது பேர் பிடித்தாலும் கயிறுதான் அறும். கம்பில் அரிவாள் கட்டி, ஐந்தடிக்கு ஐந்தடியாக அறுத்து, காற்று தள்ளும் கரைக்கே இழுத்தார்கள். இடுப்பளவுக்கு மேல் யாரையும் இறங்கவிடாமல், கயிறும் காற்றடித்த டியூபுமாகக் கரையில் காவல் நின்ற இளைஞர்களுக்கும் நன்றி. எலிக்காய்ச்சல் பயத்தால், காலில் புண் உள்ளவர்களைத் தடுத்துக் கரை வேலைக்கு அனுப்பிய செவிலியர் சகோதரிக்கும்.

60 பேருக்கு 7 கிலோ அரிசியில் கஞ்சி, 3 கிலோ சிறுபயறு, 20 கிலோ மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. அளவு பிசகாமல் ஆக்கித் தந்த பாட்டிமார்களுக்கு எங்கள் வணக்கம்.

வாரிய செடியைக் கரையிலேயே விட்டால் முதல் மழையில் குளத்துக்கே திரும்பும். தென்னந்தோப்பில் இடம் தந்த பாட்டா, மூன்று நாள் சரிவில் வடியவிட்ட பிறகே ஏற்றச் சொன்னார். எடை வெகுவாகக் குறைந்து, டெம்போ நடையும் குறைந்தது. ஓர் அடிச் செடி, மேலே சாணக் கரைசல், மேலே காய்ந்த சருகு என்று அடுக்கியிருக்கிறது. இடையில் கிளறிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் உரமாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, குளத்துக்கு விட்டிருந்த குழாயைத் திருப்பிய வீட்டார் செய்தது. செடி கொழுப்பதே அந்தக் கழிவுநீரின் சத்தில்தான். எந்த வீட்டுக் குழாய் என்று பெயர் சொல்லியிருந்தால் கூட்டம் சண்டையில் முடிந்திருக்கும்; கரையோர வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் உறிஞ்சுகுழி என்று நீங்களே முடிவெடுத்தீர்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. அடியில் உடைசெங்கல், மேலே சல்லி. கிணற்றிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளி. குளியல், அடுக்களைத் தண்ணீர் மட்டுமே அதில் விட வேண்டும். குழாய்க்கும் குழிக்கும் நடுவே உள்ள சிறு தொட்டியில் சோற்றுப் பருக்கையும் முடியும் தங்கும். வாரம் ஒருமுறை வாராவிட்டால் குழி அடைத்துக்கொள்ளும்.

ஆகாயத்தாமரை விதை சேற்றில் இருபது ஆண்டுவரைகூட உயிரோடு கிடக்கும். அதனால் ஞாயிறுதோறும் இரண்டு வீட்டார், இருபது நிமிடம், கண்ணில் படும் குட்டிச் செடிகளைப் பறிக்க வேண்டும். கால்வாய் வாயில் கட்டிய வலைத் தட்டியையும் மழை பெய்த மறுநாள் வாரிவிடுங்கள்; அடைத்தால் தண்ணீர் வழிந்து பாதையில் ஏறும். முறைப் பட்டியலும் வரவுசெலவுக் கணக்கும் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கின்றன.

நான்கு துறட்டிகளும் இரண்டு கஞ்சிப் பானைகளும் இன்னும் வடக்குக் கரை வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குளத்தங்கரைத் தெருக்காரர்கள்
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்