நீர்க்கட்டி உணவு அட்டவணைகளில் அளவு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புகளிலும் மகளிர் பக்கங்களிலும் ‘நீர்க்கட்டி கரைய 30 நாள் உணவு’ என்ற வகை அட்டவணைகள் அடிக்கடி வருகின்றன. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் சிறுதானியச் சோறு, மாலையில் சூப், ராத்திரிக்குப் பழம். எத்தனை கிராம் மாவில் கஞ்சி, அதில் எவ்வளவு வெல்லம், இந்தச் சாப்பாடு யாருக்கு ஆகாது என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட இருப்பதில்லை. உணவியல் ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்தை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெயர். நீர்க்கட்டி என்று சொல்லப்படுவது பிசிஓஎஸ், அதாவது சினைப்பையையும் ஹார்மோன்களையும் பாதிக்கும் கோளாறு. அது உள்ளவரின் ஸ்கேனில் தெரிபவை பாதி வளர்ந்து நின்றுபோன சினைமுட்டைப் பைகள். கரைக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே கிடையாது. பலருக்கு இன்சுலினை உடல் சரியாக ஏற்பதில்லை. அதை ஈடுகட்ட இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண்மை ஹார்மோனை மிகுதியாக்குகிறது. முகத்தில் ரோமம், பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் பெரும்பாலும் இதன் தொடர்ச்சிதான். உணவால் இந்த இன்சுலின் சுமையைக் குறைக்க முடியும். எந்தக் கீரையும் எந்த விதையும் கட்டியை உருக்கப்போவதில்லை.

எந்த உணவு முறை நல்லது என்று கேட்பவர்களுக்கு 2023-இல் வெளியான சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி நெறிமுறை சொல்லும் பதில் சப்பென்றுதான் இருக்கும்: ஒன்றைவிட இன்னொன்று மேல் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, சத்துக் குறையாமல், தொடர்ந்து சாப்பிடக்கூடியதாக இருந்தால் போதும். அப்படியானால் தேர்வு எதை வைத்து? அவரவர் தட்டில் இப்போது என்ன விழுகிறது என்பதை வைத்துத்தான்.

ஒரு வாரம் சமையலறைத் தராசில் அரிசியை நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் அரிசி வெந்தால் ஏறத்தாழ 150 கிராம் சோறு. அதில் மாவுச்சத்து 40 கிராம் அளவுக்கு வரும். மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் இதுபோல மூன்று பங்கு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். நாலு இட்லியில் புரதம் சுமார் 8 கிராம்தான். சாம்பார் நீர்க்க இருந்தால் அதனால் பெரிதாகக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ பெண்ணுக்கு 50 கிராம். இதை எட்ட பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. காலையில் இரண்டு முட்டை 12 கிராம். மதியம் 30 கிராம் பருப்பில் கெட்டியாகக் கூட்டு, 7. ஒரு கிண்ணம் தயிர், 5. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல், 8. இரவு 50 கிராம் பச்சைப்பயறு அரைத்து அடை, 12. நாள் முழுவதற்கும் ஒரு டம்ளர் பால், 6. இதிலேயே 50 வந்துவிட்டது; சோறும் இட்லியும் தருவது தனி. முட்டை சாப்பிடாதவர்கள் 25 கிராம் சோயா உருண்டை சேர்த்தால் அந்த 12 கிராம் ஈடாகும். விடுதி மெஸ்ஸை நம்பியிருக்கும் பெண்கள் 30 கிராம் பொட்டுக்கடலையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் பெட்டியில் வைத்துக்கொண்டால் மாலைப் பஜ்ஜிக்கு வேலை இருக்காது.

புரதம் ஏறினால் சோற்றின் அளவு தானாக இறங்கும். சோற்றை மட்டும் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காதவர்கள் நாலு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டைத் திறக்கிறார்கள். திட்டம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மன உறுதி இல்லை என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்வது நியாயமில்லை.

சிறுதானியத்தைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்ல வேண்டும். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67, கம்பில் 62. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. அதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் கணக்கு எங்கே நிற்கும்? அதிலும் நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அதே கேழ்வரகை முழுதாக ஊறவைத்து, உளுந்தோடு அரைத்துத் தோசை வார்த்து, கெட்டிச் சாம்பாரோடு சாப்பிடுவது மேல். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே உடலுக்குச் சர்க்கரைதான். காப்பிக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளைக்கு மூன்று காப்பி என்றால் அதிலேயே 25 கிராம் அளவுக்கு வந்துவிடும். செக்கெண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டித் தருவது நல்ல வழக்கம். உளுந்தைக் கூட்டி, கருப்பட்டியையும் நல்லெண்ணெயையும் பாதியாக்கினால் இன்னும் நல்லது.

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு முறையில் எடை வேகமாக இறங்கும். முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி நீர். சோறு சாப்பிட்ட இரண்டு நாளில் திரும்பிவிடும். கெட்ட கொழுப்பு சிலருக்கு ஏறுகிறது. கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கு இது வேண்டாம். 16 மணி நேர விரதம் சிலருக்கு ஒத்துப்போகும், மொத்த அளவு குறைந்தால். காலை உணவை விட்டுவிட்டு 11 மணிக்குச் சர்க்கரை போட்ட காப்பி, ஒரு மணிக்கு இரட்டைச் சோறு என்றால் அதற்கு விரதம் என்று பெயர் வைக்க வேண்டாம். பாலையும் கோதுமையையும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பதற்கும், மாதவிடாய் ஒழுங்காக 14 நாள் ஆளி விதை, 14 நாள் எள் என்ற கணக்குக்கும் நல்ல ஆதாரம் இல்லை. பாலை நிறுத்தினால் கால்சியம் கைவிட்டுப் போவதுதான் மிச்சம்.

எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியும். 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரையிலிருந்து ஏழு கிலோ. ஒல்லியாக இருந்தும் பிசிஓஎஸ் உள்ளவர்கள் உண்டு. பட்டினி அட்டவணை அவர்களுக்குக் கேடு. தினமும் எடைபோடுவதைவிட மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு (பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்), மாதவிடாய் தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு முன் தீர்ப்பு எழுத வேண்டாம். வாரம் 150 நிமிடம் வேக நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேராத உணவுத் திட்டம் பாதித் திட்டம்.

இன்சுலினை உடல் ஏற்க உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் அட்டவணையை நம்பி அதை நிறுத்தக் கூடாது. பல ஆண்டுகள் எடுத்தால் பி12 குறையலாம். சைவர்கள் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்; கருப்பையின் உள்சவ்வு தடித்துப்போகலாம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்று: உணவும் நடையும் பலித்தால் சினைமுட்டை வெளிவரும், மாதவிடாய் ஒழுங்காகும் முன்பே கரு தரிக்கலாம். குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் தடுப்பு முறையைக் கைவிடக் கூடாது. வேண்டும் என்பவர்கள் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்க வேண்டும்.

எங்களை மிகவும் உறுத்துவது பள்ளி மாணவிகள் விஷயம். பூப்பெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அதே நெறிமுறை. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தெரியும். ஆனாலும் 14 வயதுப் பெண் ஸ்கேன் தாளோடும், பத்திரிகையில் கத்தரித்த அட்டவணையோடும் வருகிறாள். வளரும் வயதில் ராத்திரிக்கு அரைப் பப்பாளி. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் உண்ணுதல் கோளாறுகள் அதிகம் என்பதால் இது விளையாட்டில்லை.

இனி இப்படி ஓர் அட்டவணை அச்சேறினால் ஒவ்வொரு உணவுக்கும் கிராம் கணக்கும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது என்ற வரியும் அதே எழுத்து அளவில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உணவியலாளர்கள் இருவர்,
திருச்சி.